கண்ணாடிக்குக் கீழ நடவு

எங்க வலங்கைமான் வயல்ல நாத்து முத்திப்போய் நிக்குது, நட ஆள் கிடைக்கல. இந்த நேரம் பாத்து மக பூமிகா என்னை வேன்ல ஏத்தி, மண்டபம் கடல்ல பவளத்தீவு பாக்கக் கூட்டிட்டு வந்துட்டா.

படகுக்கு அடியில கண்ணாடி. எல்லாரும் மீனு மீனுன்னு கத்துறாங்க. எனக்குக் கலங்கல்தான் தெரிஞ்சுது.

"நாளைக்கு ஆள் வருவாங்கம்மா, இப்பக் கீழ பாரு."

"வரலன்னா நீ எறங்கி நடுவியாடி?"ன்னு கேட்டுக்கிட்டே குனிஞ்சேன்.

தண்ணி தெளிஞ்சுது. கடல் தரை பூரா பச்சை.

படகு ஓட்டின மூஸா, "கடல்புல்லும்மா, தானா மொளைக்கிறது"ன்னான்.

"தானா மொளைச்சது வரிசையிலயா நிக்கும் தம்பி?"

குத்துக்குக் குத்து ஒரே இடைவெளி. நட்டவங்க பின்னால நகர்ந்த காலடிகூட சேத்துல பள்ளம் பள்ளமா இருந்துச்சு. எனக்கு எரிச்சலா வந்துச்சு. ஊர்ல வீடு வீடா கூப்பிட்டும் ஒருத்தி வரல, இங்க மட்டும் எப்படி வந்தாளுவ?

படகு அந்தக் காலடி மேலயே போச்சு. வரிசை பாதியில நின்னுது. அங்கேருந்து சேறு அப்பின வளையல் கை ஒண்ணு மேல வந்து கண்ணாடியைத் தட்டுச்சு. அடுத்த நாத்துக்கட்டுக்கு உள்ளங்கையை விரிச்சுக் காட்டுச்சு.

என் நாத்தெல்லாம் ஊர்ல கிடக்கு.