லைன்லயே இருக்கேன்

"வட்டம் சுத்திக்கிட்டே இருக்கு மேடம். அப்டேட் பண்ணவான்னு கேட்டுச்சு, சரின்னு அமுக்கினேன். அதோட சரி, திறக்கவே மாட்டேங்குது."

அவள் ஹெட்போனைக் காதோடு சேர்த்து அழுத்திக்கொண்டாள். பேசுவது யார் என்று எண்ணைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டிய அவசியம் அவளுக்கு இல்லை.

அப்பா.

இரண்டு வருஷமாக மகளிடம் முகம் கொடுத்துப் பேசாதவர். தன் விருப்பப்படி அவள் கல்யாணம் செய்துகொண்ட அன்றே தலைமுழுகிவிட்டார். அவள் போன் செய்தால் எடுப்பதில்லை. அம்மா எடுத்தாலும் பக்கத்தில் நின்று முறைப்பாராம். அப்பேர்ப்பட்ட மனிதர் கம்ப்யூட்டர் கம்பெனியின் உதவி எண்ணை அழைத்து, இத்தனை பேர் உட்கார்ந்திருக்கிற கூடத்தில், போயும் போயும் இவள் காதில் வந்து விழுந்திருக்கிறார்.

அவர் அடுத்தவரிடம் உதவி கேட்டதே அதிசயம்தான். மின்விசிறி நின்றாலும் இஸ்திரிப் பெட்டி சுடாவிட்டாலும் ஸ்குரூடிரைவரோடு உட்கார்ந்துவிடுகிறவர். கழற்றியதில் பாதி திரும்ப மாட்டப்படாது என்பது வேறு கதை.

அப்பா என்று கூப்பிட்டால் போனை வைத்துவிடுவார். அதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. போதாக்குறைக்கு அழைப்பு முழுக்கப் பதிவாகிறது. அதனால் கம்பெனி சொல்லிக்கொடுத்த வழுவழுப்பான குரலிலேயே பேசினாள்.

"கவலைப்படாதீங்க சார். அணையிற வரைக்கும் பவர் பட்டனை அமுக்கிப் பிடிங்க."

பிடித்தார். மறுபடி போடச் சொன்னாள், மறுபடி அணைக்கச் சொன்னாள். நாலைந்து முறை மல்லுக்கட்டிய பிறகு நீலத் திரை வந்தது. கடைசியாக ஏறிய அப்டேட்டை நீக்குகிற இடத்துக்கு வழி சொன்னாள். ஒவ்வொன்றையும் வாய்விட்டுப் படித்த பிறகுதான் அமுக்கினார்.

"நீக்கிட்டிருக்கோம்னு வருது மேடம்."

இனி அது தானாக நடக்கும். அரை மணி நேரம்கூட ஆகலாம். இந்தக் கட்டத்தில் வாடிக்கையாளரிடம் சொல்லியே தீர வேண்டிய வாசகம் ஒன்று இருக்கிறது. விட்டுவிட்டால் மேற்பார்வையாளர் பிடித்துக்கொள்வார். சொல்ல அவளுக்கு நாக்கு எழவில்லை. ஆனாலும் சொன்னாள்.

"இதுக்கு நேரமாகும் சார். நீங்க போனை வச்சிடலாம், அதுவே சரியாயிடும்."

மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

"பரவாயில்ல மேடம். லைன்லயே இருக்கேன்."

அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. மைக்கைக் கையால் மூடிக்கொண்டு விழுங்கினாள்.

வாடிக்கையாளர் லைனில் இருக்கும்வரை பேச்சு நிற்கக் கூடாது என்பது அங்கே கண்டிப்பான விதி. மழையோ வெயிலோ, எதையாவது பேசி இழுத்துக்கொண்டிருக்க வேண்டும். வேலையில் சேர்ந்த நாளிலிருந்து அவள் கரித்துக்கொட்டிய விதி. இன்றைக்கு அதைப் போட்ட புண்ணியவானுக்குக் கோயிலே கட்டலாம் போலிருந்தது.

மேசைக்கடியில் கிடந்த அட்டைப்பெட்டியைக் காலால் இழுத்து, பாதங்களை அதன்மேல் தூக்கி வைத்துக்கொண்டாள். அம்மாவைப் பற்றி விசாரிக்க ஒரு சாக்குக் கிடைத்தது.

"கேபிளைப் பாக்கணும்னா கீழே குனிய வேண்டியிருக்கும் சார். வீட்ல வேற யாராவது இருக்காங்களா?"

"வீட்டுக்காரி இருக்கா. அவளுக்கு முழங்கால் வலி, குனிய முடியாது. டாக்டர்கிட்ட காட்டிட்டோம். பயப்படுற மாதிரி ஒண்ணும் இல்லையாம்."

கேபிளைக் கேட்டால் டாக்டர் எதற்கு வருகிறார் என்று அவளுக்கு உறைக்கவில்லை. படியேறும்போது முழங்காலைப் பிடித்துக்கொள்ளும் அம்மாதான் கண்ணுக்குள் நின்றாள்.

பிறகு மழையைப் பற்றிப் பேசினார்கள். குளியலறைக் குழாய் உடைந்ததையும், ஆளைக் கூப்பிடாமல் தானே சரிசெய்ததையும் அவர் பெருமையாகச் சொன்னார். இப்போது ஒழுகவில்லையே என்று கேட்டாள். லேசாக ஒழுகுகிறது என்று ஒப்புக்கொண்டார். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மறுமுனையிலும் ஒரு கனைப்புச் சத்தம் கேட்டது.

"திறந்துடுச்சு மேடம்."

அவர் குரலில் அதற்கான சந்தோஷம் இல்லை. அவளுக்கும் இல்லை. இன்னும் கொஞ்ச நேரம் இந்த வட்டம் சுற்றியிருக்கக் கூடாதா என்றிருந்தது.

பாக்கியிருந்தது கடைசி வாசகம் மட்டும்தான்.

"வேற ஏதாவது உதவி வேணுமா சார்?"

கேட்டுவிட்டு ஹெட்போனை இரண்டு கைகளாலும் காதோடு பிடித்துக்கொண்டாள்.

"ஒண்ணும் வேணாம் மேடம்." அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "கால் வீங்கினா, கொஞ்சம் உசத்தி வச்சுக்கோங்க. அஞ்சாம் மாசத்துல எங்க வீட்டுக்காரிக்கும் அப்படித்தான் இருந்துச்சு."

அழைப்பு துண்டிக்கப்பட்டது.

அவள் அட்டைப்பெட்டியின் மேலிருந்த தன் பாதங்களைப் பார்த்தாள். பிறந்த வீட்டுப் பக்கம் சித்தியிடம் மட்டும்தான் அந்தச் செய்தியைச் சொல்லியிருந்தாள். எங்கே வேலை பார்க்கிறாள் என்பதும் சித்தி ஒருத்திக்குத்தான் தெரியும்.

பக்கத்து இருக்கைப் பெண் அவளுடைய திரையை எட்டிப் பார்த்தாள்.

"இந்த நம்பரா? காலையிலேர்ந்து எனக்கே ரெண்டு தடவை வந்துச்சுடி. நான் வணக்கம்னு சொன்னதுமே வச்சிட்டார். அந்த வரிசையில எல்லாருக்கும் அப்படித்தானாம். உன்கிட்ட மட்டும் எப்படி இவ்வளவு நேரம் பேசினார்?"

புகாரை முடித்துவைக்கச் சொல்லித் திரை கேட்டுக்கொண்டிருந்தது. பழக்க தோஷத்தில் 'தீர்ந்தது' என்பதன் பக்கம் கை போனது. சட்டென்று நிறுத்தி, கண்ணைத் துடைத்துக்கொண்டு, அதற்குக் கீழே இருந்ததை அமுக்கினாள்.

'தீரவில்லை. நாளை இதே ஊழியர் திரும்ப அழைப்பார்.'