இரண்டு மாவுக்கட்டுகள்

எதிர்வீட்டுக் கதவு காலை ஏழு மணிக்கெல்லாம் பேச ஆரம்பித்துவிடும். "இங்கே குடியிருக்கும் பிலோமினா, செயின் பறிப்பில் கை ஒடிந்தவர். அரசு இவருக்கு இழப்பீடு தந்திருக்கிறது. இது உங்களுக்கும் உள்ள உரிமை." மக்களுக்கு விழிப்புணர்வு வரவேண்டும் என்று அந்தக் குடியிருப்பின் கதவுகளுக்கெல்லாம் பேசக் கற்றுக்கொடுத்திருந்தார்கள்.

அதைக் கேட்கும்போதெல்லாம் மரகதத்துக்கு வயிறு எரியும். அவளுக்கும் அதே இடது கைதான், அதே மாவுக்கட்டுதான். ஆனால் பிலோமினாவைப் பார்க்க ஆரஞ்சுப் பழத்தோடு ஆட்கள் வந்தார்கள். அவளுடைய மாவுக்கட்டின் மேல் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்கள். மரகதத்தின் மாவுக்கட்டில் இருந்ததெல்லாம் சாம்பார்க் கறை.

இன்று அவள் வாசலுக்கு வந்ததும் அவள் வீட்டுக் கதவே குரலைத் தாழ்த்தி மறுபடியும் கேட்டது.

"மரகதம் அம்மா, உங்க கையை யாராவது ஒடிச்சாங்களா? ஆளைச் சொன்னா போதும். மிச்சத்தை நாங்க பாத்துக்கறோம்."

எதிர்வாசலில் நின்ற பிலோமினாவின் காதிலும் அது விழுந்தது.

"சொல்லேன் மரகதம். எங்கிட்டயும் இப்படித்தான் கேட்டுச்சு. எவனோ ஒருத்தன், ஹெல்மெட் போட்டிருந்தான்னு சொன்னேன். அவ்வளவுதான்."

மரகதத்தின் வீட்டுக்குள்ளே நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. அவள் புருஷன் காப்பிக்கு உட்கார்ந்துவிட்டான்.

"பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டேன்," என்று மரகதம் கதவிடம் மூன்றாவது முறையாகச் சொன்னாள்.

"பாத்து நடங்கம்மா," என்றது கதவு.

பிலோமினா கொடுத்துவைத்தவள். கையை ஒடித்தவனுக்கு அவள் காப்பி போட வேண்டியதில்லை.