கதவு திருப்பி அனுப்பியவர்கள்

கணவரைச் சென்னையில் தகனம் செய்துவிட்டுக் கோமதி ஊர் திரும்பி ஆறு மாதமாகியும், மாடிவீட்டுப் பாத்திமுத்து துக்கம் கேட்க வரவில்லை. அந்தக் கோபம் படிக்கட்டில் அவளைப் பார்த்ததும் வெடித்தது.

"ஒரே வளவுல இருந்துக்கிட்டு எட்டிப் பாக்க ஒனக்குக் காலு நோவுதோ?"

"அல்லா அறிய நாலு தடவ வந்தேன் மதினி. 'அம்மா இணையவழி மனநல சிகிச்சையில் இருக்கிறார், இறந்தவர் பேச்சை எடுப்பவர்களுக்கு அனுமதியில்லை'ன்னு ஒங்க பேசுற கதவுதான் திருப்பி அனுப்பிட்டு. தெருவே வந்துட்டுப் போச்சு."

துக்கத்திலிருந்து மீள வெளிநாட்டிலிருக்கும் மகன் ஏற்பாடு செய்த சிகிச்சை அது; கூடத்துத் திரையும் வாசல் கதவும் அதன் வசம்தான். ஒருவரும் வரவில்லையே என்று கோமதி அழுதபோதெல்லாம், அந்தத் திரைதான் இதமாக ஆறுதல் சொல்லியிருந்தது.

பாத்திமுத்துவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். கோமதிக்குத் திறந்த கதவு பணிவாகப் பேசத் தொடங்கியது.

"இவரை அனுமதித்தால் உங்கள் முன்னேற்றம் பாதிக்கப்படும்."

"வாய மூடு."

நிறைந்திருந்த தண்ணீர் கேனை உருட்டிவந்து, கதவு மூட முடியாதபடி நிலைப்படியில் நிறுத்தினாள். பிறகு பாத்திமுத்துவைப் பக்கத்தில் உட்காரவைத்தாள்.

"இப்பக் கேளு. அவரு எப்படிப் போனாருன்னு கேளு."