சாத்திய கதவு

"இங்க பேசுறது எதுவும் இந்தக் கதவைத் தாண்டாது, கோர்ட்டுலயும் யாரும் சொல்லக் கூடாது" என்று சமரச மையத்து வக்கீலம்மா கதவைச் சாத்தினார். உடனே பக்கத்து வீட்டு மாசிலாமணி, எதிரே இருந்த செங்கமலத்திடம் வாயைத் திறந்தான். "ஆமாக்கா, உன் சினை மாட்டுக்கு விஷம் வெச்சது நான்தான். மன்னிச்சிரு." கோயிலில் கற்பூரம் அடித்து 'நானில்லை' என்று சத்தியம் செய்து, செங்கமலத்தை ஊர் முன்னால் பொய்க்காரியாக்கிய அதே வாய்! "மனசுவிட்டுப் பேசிட்டாரு, பார்த்தீங்களா?" என்று வக்கீலம்மா பூரித்துப்போனார். செங்கமலத்துக்கு உச்சந்தலை வரை பற்றி எரிந்தது. நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தவள், கதவை விரியத் திறந்தாள். அந்தச் சத்தியத்தை நம்பி அவனுக்குத் துணையாக வந்த ஊர்ச்சனம் வராந்தாவில் உட்கார்ந்திருந்தது. "இப்பச் சொல்லுடா" என்றாள்.