ஓஸ்லோக்காரி

"ஊர் பேரை மறைச்சுட்டா நான் எந்த ஊர்க்காரி ஆவேன், கோதை?" தன் கணினியில் இருக்கும் ஊரை மறைத்து வேறு ஊரைக் காட்டும் சுரங்கவழி மென்பொருளைப் போட்டுக்கொடுக்க வந்த நாத்தனாரிடம் செல்லக்கிளி ஒருமுறை கேட்டாள். அண்ணி எந்நேரமும் புழுக்கம் என்று புலம்புகிறவள். கோதை சிரித்தபடி, பனி கொட்டும் ஓஸ்லோவைத் தேர்ந்தெடுத்தாள்.

பிறகு கோதையின் அண்ணன் இறந்தான். இறந்தவர் குரலை இப்போதெல்லாம் யாரும் ஒரே இடத்தில் வைப்பதில்லை. துண்டு துண்டாகச் சொந்தக்காரர்களின் கணினிகளில் பகிர்ந்து வைப்பார்கள். எல்லாத் துண்டும் சேர்ந்தால்தான் அவர் பேசுவார். கருமாதியன்றே கோதைக்கும் அண்ணிக்கும் வாய்ச்சண்டை முற்றி, போக்குவரத்து நின்றுபோயிற்று.

இன்று கோதையின் மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் குரல் கொடுக்காமல் ஆசாரி ஊசியை எடுக்கமாட்டார். மண்டபத்துத் திரையில் துண்டுகள் இருக்கும் ஊர்ப் பெயர்கள் ஒவ்வொன்றாகப் பச்சையாயின; ஒரு துண்டு மட்டும் வரவில்லை. ஓஸ்லோ.

"மச்சான் குரலை வச்சுக்கிட்டு வெள்ளைக்காரன் என்னடி பண்றான்?" என்றான் அவள் கணவன் வேலாயுதம். எல்லாரும் சிரித்தார்கள். கோதை சிரிக்கவில்லை. விசேஷத்துக்கு அண்ணியை அவள் அழைக்கவில்லை.

திடீரென்று திரையில் ஓஸ்லோ பச்சையாயிற்று.

"அழாதடி மருமவளே, மாமன் இருக்கேன்ல" என்றது அண்ணன் குரல். குழந்தை குரல் வந்த பக்கம் திரும்பியது. ஊசி இறங்கிவிட்டது.

கோதை வாசலைப் பார்த்தாள். கழற்றிப்போட்ட செருப்புகளுக்கு நடுவே, திறந்த கணினியை இடுப்பில் தாங்கியபடி அண்ணி நின்றிருந்தாள். இரண்டாவது காதும் குத்தி முடியும்வரை நின்றாள். கோதை எழுந்து வருவதற்குள் கணினியை மூடி மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டாள்.