இன்னொரு டேக்

வாண்டு அக்கா டப்பிங் அறையில் மைக்கின் முன்னால் நின்று “அம்மா!” என்று கத்தினாள். கோழியின் கழுத்தைத் திருகியது போல இருந்தது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இயக்குநர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

ஐம்பதை நெருங்குகிறவளுக்கு ‘வாண்டு’ என்று பெயர் வந்ததே, படங்களில் வரும் பொடியன்களுக்கெல்லாம் அவள்தான் குரல் என்பதால். பல் விழுந்தவன், பந்தைத் தொலைத்தவன், பரீட்சையில் கோட்டை விட்டவன் என்று எவன் அழுதாலும் அது அவள் தொண்டைதான்.

இந்தப் படம் இயக்குநரின் சொந்தப் பால்யக் கதை. இந்த மாதிரிப் படங்களில் ஒரு சைக்கிள் இருக்கும், ஒரு மழை இருக்கும், கடைசியில் ஒரு பேருந்து கிளம்பும். இதிலும் கிளம்பியது. விடுதிக்குப் போகும் பையன் ஜன்னலில் தலையை நீட்டி அம்மாவைக் கூப்பிடுகிறான். அந்த ஒரு வார்த்தையில் குரல் உடைய வேண்டும். சிறுவனாகத் தொடங்கி ஆளாக முடிய வேண்டும். தான் எடுத்த காட்சியைத் தானே பார்த்து இயக்குநர் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார்.

அவளால் ‘அம்’ வரை போக முடிந்தது. ‘மா’தான் காலை வாரியது.

அந்த நேரம் பார்த்து அவள் மகன் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தான். போன வருடம் தைத்த பள்ளிக்கூடப் பேன்ட் கணுக்காலுக்கு மேலே ஏறியிருந்தது.

“சாவி” என்றான்.

‘சா’ மாடியில் இருந்தது. ‘வி’ கிணற்றில் விழுந்தது.

இயக்குநர் துள்ளி எழுந்தார். “அக்கா, இவன்தான்!”

ஒருநாள் மாமா பிள்ளைகள் முன்னால் இவன் ‘அம்மா’ என்று கூப்பிட, குரல் இரண்டாகப் பிளந்து, கூடமே சிரித்துத் தொலைத்தது. அன்றோடு அந்த வார்த்தைக்கு முழுக்குப் போட்டுவிட்டான். இப்போது வீட்டில் அவள் பெயர் ‘ம்’. அவசரத்துக்கு ‘இந்தா’. ஊரான் வீட்டுத் தாய்களையெல்லாம் வாய் நிறைய அழைத்துச் சம்பாதித்தவளுக்கு அது வலித்தது. வெளியே சொல்ல வெட்கமாகவும் இருந்தது.

மாட்டேன் என்பான் என்று நினைத்தாள். அவன் தோளைக் குலுக்கிவிட்டு மைக்கிடம் போனான். இயக்குநருக்குப் போன் வந்தது. “நீங்களே பார்த்து ஓகே பண்ணிடுங்கக்கா” என்று வெளியே ஓடினார்.

அவள் ஒலிப்பதிவாளர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். திரையில் பேருந்து நகர்ந்தது.

“அம்மா!”

அவள் கொஞ்ச நேரம் கன்னத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பொத்தானை அழுத்தி, “மூக்கால பேசுறடா. இன்னொரு டேக்” என்றாள்.

ஒலிப்பதிவாளர் அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு நாற்காலியில் சாய்ந்து கைகளைக் கட்டிக்கொண்டார்.

அடுத்ததில் அவசரம் என்றாள். அதற்கடுத்ததில் பாசம் போதவில்லை. ஒன்றில் பேருந்து தூரமாகப் போய்விட்டது, இன்னொன்றில் பக்கத்திலேயே நிற்கிறது. நொட்டை சொல்ல எதுவும் அகப்படாமல் ஒருமுறை மின்விசிறிச் சத்தம் கேட்கிறது என்றாள். அந்த அறையில் மின்விசிறியே கிடையாது.

மகன் முணுமுணுக்கவில்லை. தண்ணீர் குடித்துக்கொண்டான், தொண்டையைச் செருமிக்கொண்டான், கூப்பிட்டான். இயக்குநர் திரும்பி வரும்வரை கூப்பிட்டுக்கொண்டே இருந்தான்.

வீட்டுக்குப் போகும்போது அவனுக்குத் தொண்டை கட்டிவிட்டது. அவள் முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டாள். “ஒரே ஒரு வார்த்தை. அதைச் சொல்ல உனக்கு இவ்வளவு நேரம்!”

அவன் அவளைப் பார்க்கவில்லை. சாலையைப் பார்த்தபடியே சொன்னான்.

“ரெக்கார்டிங் ஓடினா உள்ள சிவப்பு லைட் எரியணும். முதல் டேக்குக்கு அப்புறம் அது எரியவே இல்ல.”