லார்னின் முட்டிவலி

பனி கொட்டுகிற ஒரு ஊரில், பனியையே தரையாகப் போட்ட ஒரு கூடம் இருந்ததாம். கனடாவின் மனிடோபா மாகாணத்தில் ஒரு கோதுமை ஊர் அது. செவ்வாய்க்கிழமை காலையில் அங்கே வயசானவர்களின் கர்லிங் ஆட்டம்.

இருபது கிலோ கருங்கல். குந்தி, வழுக்கியபடியே தள்ளி, தூரத்து வட்டத்தின் நடுவில் நிறுத்தவேண்டும். குந்த முடியாதவர்கள் நீளக் கோலால் நின்றபடியே தள்ளலாம்.

ஒரெஸ்ட்டுக்கு எழுபத்து நாலு வயது. இரண்டு முட்டியும் தேய்ந்துவிட்டன. "கோலா? அது கிழவனுங்க சமாச்சாரம்" என்று சொல்லிவிட்டு, கிறிஸ்துமஸிலிருந்து சோபாவிலேயே கிடந்தார்.

"இப்படியே உட்கார்ந்திருந்தா முட்டி இறுகிடும்" என்றார் டாக்டர். ஒரெஸ்ட்டின் மனைவி டோரீனுக்கு இன்னொரு கவலையும் இருந்தது. மனுஷன் சிரித்தே ஆறு வாரமாகிறது.

அந்தச் செவ்வாய்க்கிழமை அணிச் சட்டையைத் திருப்பிக் கொடுத்து விலகிக்கொள்ளத்தான் ஒரெஸ்ட் டோரீனோடு வந்து, காபி அறையில் உட்கார்ந்திருந்தார். கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம், பனித்தரையில், அணித் தலைவர் லார்ன், கையில் கோலோடு.

"இவனுக்கு என்ன கேடு? கிறிஸ்துமஸுக்கு முன்னாடிகூடத் தவளை மாதிரி குந்தினானே?" என்றார் ஒரெஸ்ட்.

"முட்டி தேஞ்சு போச்சாம்" என்றார் டோரீன்.

"நடிக்கிறான், சோம்பேறி."

லார்ன் தள்ளிய கல் வட்டத்தைத் தாண்டிப் பின்சுவரில் மோதியது. அடுத்தது பாதியிலேயே நின்றது. மூன்றாவது பக்கத்து ஆட்டத்துக்குள் புகுந்து அத்தனை கல்லையும் கலைத்தது.

ஒரெஸ்ட்டுக்குக் காபி இறங்கவில்லை. கதவைத் திறந்துகொண்டு உள்ளே போனார்.

"டேய், அது கல்லுடா. சாணி வழிக்கிற மாதிரி தள்றியே."

"பெரிய ஆளு, நீ தள்ளிக் காட்டேன்."

"நான் கோலைத் தொடமாட்டேன்."

"அப்ப வாயை மூடிட்டுப் போய்க் காபி குடி."

ஒரெஸ்ட் கோலைப் பிடுங்கினார். நாலடி நடந்து தள்ளினார். கல் சாதுவாகப் போய் நடுப்புள்ளியில் உட்கார்ந்தது.

"இன்னொண்ணு குடு" என்றார். அப்புறம் இன்னொன்று. இரண்டு மணி நேரம் அந்தப் பனியில் நடந்தார். சிரித்த சிரிப்பில் பல்செட் கழன்று விழ, அதையும் கோலாலேயே தள்ளிக்கொண்டு வந்தார்.

"கிழவனுங்க சமாச்சாரம்னு சொன்னே?" என்று சீண்டினார் டோரீன்.

"லார்னுக்குப் பக்கத்துல நான் வாலிபன், டோரீன்."

காரைச் சூடேற்ற டோரீன் முன்னால் வெளியே வந்தார். அவர்கள் காரின் சக்கரத்தடியில் யாரோ குந்தி உட்கார்ந்து, உறைந்த பனியைக் கொத்திக்கொண்டிருந்தார். லார்ன். டோரீனைப் பார்த்ததும் ரப்பர் பந்து மாதிரி எழுந்தார்.

"லார்ன், முட்டி தேஞ்சு போச்சுன்னியே?"

"செவ்வாய்க்கிழமை மட்டும். பத்து மணியிலேர்ந்து."

"அப்ப அந்தக் கல்லெல்லாம்?"

"அவ்வளவு மோசமாத் தள்ள ரெண்டு வாரமாப் பழகினேன். லேசில்ல."

கூடத்துக் கதவு திறந்தது. லார்ன் சட்டென்று முட்டியைப் பிடித்து முனகி, ஒரு காலை இழுத்தபடி தன் வண்டியை நோக்கி நடந்தார்.

ஒரெஸ்ட் வந்து டோரீன் பக்கத்தில் நின்றார்.

"பாவம். விட்டா வீட்லயே முடங்கிடுவான். அடுத்த வாரம் நான்தான் போய் இழுத்துட்டு வரணும்."

டோரீன் உதட்டைக் கடித்துக்கொண்டார். லார்ன் வண்டி நிறுத்துமிடத்தின் கோடிவரை நொண்டிக்கொண்டே போனார்.